வெல்வதற்குக் குழந்தை என்ன யோசிக்க வேண்டும்? மழலையர் வகுப்பில் இணையவழிக் கல்வி விளையாட்டுகள்

இரண்டு விளையாட்டுகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். முதலாவதில், திரையில் ஐந்து பலூன்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றின்மேலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. ‘நான்கைத் தொடு’ என்று ஒரு குரல் சொல்கிறது. குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் தொடுகிறது. தவறான பலூன்கள் அசையாமல் இருக்கின்றன; சரியானது படாரென்று வெடிக்க, வண்ணத் துகள்கள் சிதறிக் கைதட்டல் ஒலிக்கிறது. இரண்டாவதில், ஒரு தவளை ஆற்றைக் கடக்க வேண்டும். ஆற்றில் 1 முதல் 10 வரை எண்ணிட்ட கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. தாய்த் தவளை மூன்றாம் கல்லில் இருக்கிறது. குட்டி ஏழாம் கல்லில் காத்திருக்கிறது. எத்தனை முறை தாவ வேண்டும் என்பதைக் குழந்தை முதலிலேயே முடிவுசெய்து சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் தவளை குட்டியை எட்டாமல் நின்றுவிடும். கூட்டிச் சொன்னால் குட்டியைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டின் முகப்பிலும் ‘எண் கற்றல், 4 முதல் 6 வயது வரை’ என்றே எழுதியிருக்கலாம். ஆனால் முதல் விளையாட்டில் எண்ணே தெரியாத குழந்தையும் அதிகம் போனால் ஐந்தாவது தொடுதலில் வென்றுவிடும். இரண்டாவதில் எண்ணாமல் வெல்வது கடினம். மழலையர் வகுப்பில் எந்தக் கல்வி விளையாட்டையும் மதிப்பிட எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: இந்த விளையாட்டில் வெல்வதற்குக் குழந்தை எதை யோசித்தாக வேண்டும்? அந்த யோசனை எதுவோ, அதுதான் அந்த விளையாட்டு கற்பிக்கும் பாடம். முகப்பில் எழுதியிருப்பது அன்று.

பெயர் எதைக் குறிக்கிறது

இணையவழிக் கல்வி விளையாட்டு என்பது கணினியிலோ, கைக்கணினியிலோ, வகுப்பின் பெரிய தொடுதிரையிலோ, உலாவி வழியாகவோ செயலி வழியாகவோ ஆடப்படுவதும், ஒரு குறிப்பிட்ட திறனையோ கருத்தையோ கற்பிக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டதுமான விளையாட்டு. அதற்கு விதிகள் உண்டு. எட்ட வேண்டிய இலக்கு உண்டு. குழந்தை செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் உடனடியான ஒரு விளைவு உண்டு. இந்த மூன்றும் இல்லாத பாட்டுக் காணொளியும், பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கும் படத் தொகுப்பும் தம்மளவில் நல்லவையாக இருக்கலாம். ஆயினும் அவை விளையாட்டுகள் அல்ல. முன்பருவக் கல்வி என்று கல்வியாளர்கள் சொல்லும்போது பிறப்பு முதல் 8 வயது வரையிலான காலத்தைக் குறிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதில் வகுப்பறைக்கு வரும் வயதினரை, அதாவது ஏறத்தாழ 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது.

விளையாட்டைக் கற்பித்தலின் கருவியாகக் கொள்வது திரைகளோடு வந்த எண்ணம் அன்று. பிரெடெரிக் புரோபெல் 1837ஆம் ஆண்டு ஜெர்மனியில் தொடங்கிய நிலையமே பின்னர் ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயரைப் பெற்றது. பந்து, உருளை, கனசதுரம் போன்றவற்றைக் குழந்தைகளின் கையில் கொடுத்து ஆடவிட்டே அவர் கற்பித்தார். மரியா மாண்டிசோரி 1907ஆம் ஆண்டு ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவருடைய கருவிகளில் ஒன்று, வெவ்வேறு அளவுள்ள உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் மரக்கட்டை. ஓர் உருளையைத் தவறான குழியில் வைத்தால், கடைசியில் ஓர் உருளைக்கு இடமில்லாமல் போகும். தவறு என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. நம் தவளை விளையாட்டிலும் நடப்பது இதுதான். தவளை எவ்வளவு தூரத்தில் நின்றுவிட்டது என்பதிலேயே விடையின் குறை தெரிந்துவிடுகிறது. சிவப்பு நிறப் பெருக்கல் குறியும் எரிச்சலூட்டும் ஒலியும் ‘தவறு’ என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு தவறு, எந்தப் பக்கம் தவறு என்று சொல்லாது. ஒரு விளையாட்டைப் பார்க்கும்போது, தவறான விடைக்கு அது என்ன செய்கிறது என்பதை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு பலகை சொல்லித் தந்தது

விளையாட்டின் அமைப்பே பாடம் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, திரையே இல்லாத ஓர் ஆய்விலிருந்து கிடைக்கிறது. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் குறைந்த வருவாயுள்ள குடும்பங்களைச் சேர்ந்த 4, 5 வயதுக் குழந்தைகளுடன் ஓர் எளிய பலகை விளையாட்டை ஆடிப் பார்த்தனர். முடிவுகள் 2008ஆம் ஆண்டு வெளியாயின. பலகையில் ஒரே அளவுள்ள பத்துக் கட்டங்கள் நேர்கோட்டில் இருந்தன. சுழற்றியில் 1 அல்லது 2 விழும். குழந்தை தன் காயை நகர்த்தும்போது, கடந்து செல்லும் கட்டங்களின் எண்களை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றொரு குழுவுக்கும் அதே பலகைதான், அதே ஆட்டந்தான். ஆனால் எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் இருந்தன. இரண்டு வாரங்களுக்குள், ஒவ்வொன்றும் ஏறத்தாழக் கால்மணி நேரம் கொண்ட நான்கு அமர்வுகள் நடந்தன. எண் பலகையில் ஆடிய குழந்தைகளுக்கு எண்களின் அளவைப் பற்றிய புரிதல் தெளிவாகக் கூடியது; ஒன்பது வாரங்கள் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. வண்ணப் பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை.

இதற்கான காரணம் யோசிக்கத் தக்கது. நேர்கோட்டுப் பலகையில் 8 என்பது வெறும் உருவம் அன்று. அங்குச் சேரக் குழந்தை அதிகக் கட்டங்களைக் கடந்திருக்கிறது. அதிக எண்களைச் சொல்லியிருக்கிறது. அதிக நேரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. காய் தொடக்கத்திலிருந்து அதிகத் தொலைவு வந்திருக்கிறது. ‘எட்டு பெரிய எண்’ என்பதைக் கண்ணும் காதும் கையும் நாவும் ஒரே சமயத்தில் அறிகின்றன. இதே ஆய்வாளர்கள் பின்னர் வட்ட வடிவப் பலகையிலும் ஆடிப் பார்த்தபோது, நேர்கோட்டுப் பலகை தந்த அளவுக்குப் பயன் கிடைக்கவில்லை.

இந்த வரிசையில் 2014ஆம் ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது. நூறு கட்டங்கள் கொண்ட பலகையில் ஆடும்போது, காய் 25இல் இருக்கையில் 2 விழுந்தால் ‘இருபத்தாறு, இருபத்தேழு’ என்று சொல்லி நகர்த்தலாம். ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லியும் நகர்த்தலாம். பலகையும் காயும் விதியும் ஒன்றே. முதல் முறையில் சொல்லி ஆடிய குழந்தைகளின் எண்ணறிவு வளர்ந்தது. இரண்டாம் முறையில் ஆடியவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. வாயால் சொல்வதில் இருந்த அந்தச் சிறு வேறுபாடு, குழந்தையின் கவனம் கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணின்மேல் விழுகிறதா இல்லையா என்பதையே மாற்றிவிட்டது. திரையில் ஒரு காயை விரலால் இழுத்துப் போடும் விளையாட்டு பெரும்பாலும் குழந்தையை எதையும் சொல்லவைப்பதில்லை; எண்ணிச் சொல்லும் வேலையைப் பதிவுசெய்த குரலே பார்த்துக்கொள்கிறது. அப்போது எண்ணுவது செயலியேயன்றிக் குழந்தை அன்று. பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் ஒலியை நிறுத்திவிட்டு, ‘நீ சொல்லிக்கொண்டே நகர்த்து’ என்று கேட்டாலே அந்த விளையாட்டு வேறொன்றாகிவிடும்.

நட்சத்திரங்களும் கைதட்டலும்

இணைய விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு சரியான விடைக்கும் நட்சத்திரமோ, நாணயமோ, ஒட்டுப்படமோ பரிசாக விழுகிறது. சிறிதளவு பாராட்டு தவறன்று. ஆனால் 1973ஆம் ஆண்டு மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் மழலையர் பள்ளியில் நடத்திய ஓர் ஆய்வை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னரே சொல்லப்பட்டது. மற்றொரு குழுவுக்குச் சொல்லாமலேயே பின்னர் தரப்பட்டது. மூன்றாம் குழுவுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்து, அதே பேனாக்கள் வகுப்பில் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியையே வரைவதில் செலவிட்டனர். முன்பு விளையாட்டாக இருந்தது அவர்களுக்குக் கூலி வேலையாகிவிட்டது.

ஆகவே, நட்சத்திரங்களை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தவளை குட்டியிடம் போய்ச் சேர்ந்த மகிழ்ச்சி மிஞ்சினால் அது போதும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால், அது வண்ணம் பூசிய பயிற்சித்தாள்தான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில விளையாட்டுகளில் சரியான விடைக்குக் கிடைக்கும் காட்சியைவிடத் தவறான விடைக்கு நடப்பதுதான் அதிக வேடிக்கையாக இருக்கும்; பூனை வழுக்கி விழும், வாளி கவிழும். அதைப் பார்ப்பதற்காகவே குழந்தைகள் வேண்டுமென்றே தவறாகத் தொடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. அவர்களை எதற்கு அழைத்தார்களோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

கேத்தி ஹிர்ஷ்-பாசெக் தலைமையிலான ஆய்வாளர் குழு 2015ஆம் ஆண்டு, ஒரு செயலி உண்மையில் கல்விக்குரியதா என்று பார்க்க நான்கு தன்மைகளை முன்வைத்தது: குழந்தையின் மனம் செயல்பட வேண்டும், கவனம் சிதறாமல் ஈடுபட வேண்டும், கற்பது குழந்தையின் வாழ்வோடு தொடர்புடைய பொருளுள்ளதாக இருக்க வேண்டும், பிறருடன் பேசிப் பழகுவதற்கு இடம் இருக்க வேண்டும். இவற்றுடன் தெளிவான ஒரு கற்றல் நோக்கமும் சேர வேண்டும் என்றனர். இதில் முதல் தன்மையைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விரல் ஓயாமல் தட்டுவது மனம் செயல்படுவதாகாது. அசையாமல் உட்கார்ந்து, தவளையைப் பார்த்துக்கொண்டே உதட்டுக்குள் எண்ணும் குழந்தையின் மனந்தான் செயல்படுகிறது.

திரைக்குப் பக்கத்தில் அமர்பவர்

பின்லாந்தின் யுவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிராபோகேம்’ என்ற விளையாட்டு, எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்துக் கற்பிப்பது. பல மொழிகளில் பயன்படுத்தப்பட்டு, பல நாடுகளில் ஆராயப்பட்டது. ஆய்வாளர்களின் கவனமான உழைப்பில் பிறந்த விளையாட்டு அது. அதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிட்ட ஒரு தொகுப்பாய்வு 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது, சொற்களை வாசிக்கும் திறனில் அந்த விளையாட்டால் தெளிவான பயன் தென்படவில்லை. ஆனால் குழந்தை ஆடும்போது பெரியவர் ஒருவர் உடனிருந்து அதிகம் ஈடுபட்ட ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, பயன் தெரிந்தது. நல்ல விளையாட்டு தன்னந்தனியே கற்பித்துவிடும் என்ற நம்பிக்கையை இது அசைத்துவிடுகிறது. கைக்கணினிகளை வாங்கி வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டு, அங்கே ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு தலைகீழானது.

ஏன் அப்படி? தவளை விளையாட்டில் ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் ‘ஐந்து’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தவளை ஒவ்வொரு முறையும் குட்டியைத் தாண்டி எட்டாம் கல்லுக்குப் போய்விடுகிறது. விளையாட்டு தாண்டியதைக் காட்டும், காரணத்தை அறியாது. பக்கத்தில் அமர்ந்து குழந்தையின் விரலைப் பார்க்கும் ஆசிரியருக்கு அது உடனே விளங்கிவிடும். தவளை இருக்கும் மூன்றாம் கல்லையே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குகிறது குழந்தை. அதற்கு எண்ணத் தெரியாமல் இல்லை. தாவல்களை எண்ணுவதற்குப் பதிலாகக் கற்களை எண்ணுகிறது. இது இந்த வயதில் மிக இயல்பான தவறு. ‘தவளை இன்னும் தாவவே இல்லையே, எப்படி ஒன்று ஆயிற்று?’ என்ற ஒரே கேள்வி, இருபது முறை தனியே ஆடுவதைவிட அதிகம் செய்யும்.

விரலைப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்குத் திரையைத் தட்டவும் தள்ளவும் எளிது. ஒரு பொருளை அழுத்திப் பிடித்துக்கொண்டே சிறிய இடத்துக்கு இழுத்துச் சென்று விடுவது கடினம். விரல் நடுவில் தூக்கிக்கொண்டால் பொருள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். விளையாட்டு அதையும் தவறான விடையாகவே பதிந்துகொள்ளும். அந்தக் குழந்தைக்கு விடை தெரிந்திருந்தது, விரல்தான் ஒத்துழைக்கவில்லை என்பதை மதிப்பெண் பட்டியல் ஒருபோதும் சொல்லாது.

எழுத்து விளையாட்டுகளில் கவனிக்க வேண்டியவை

எழுத்துகளைக் கற்பிக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை, திரையில் புள்ளியிட்ட வடிவத்தின்மேல் விரலை ஓட்டச் சொல்பவை. இவற்றை எழுதும் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேரின் ஜேம்ஸ், லாரா ஏங்கல்ஹார்ட் ஆகியோர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளை மூன்று வகையில் பயின்றனர்: கையால் தாமாக எழுதுவது, விசைப்பலகையில் தட்டுவது, புள்ளிக்கோட்டின்மேல் ஓட்டுவது. பின்னர் அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது அவர்களுடைய மூளை இயங்கும் விதம் பதிவுசெய்யப்பட்டது. வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள், தாமாகக் கையால் எழுதிப் பயின்ற எழுத்துகளுக்கே விழித்துக்கொண்டன. கோட்டின்மேல் ஓட்டுவதும் தட்டுவதும் அதைச் செய்யவில்லை. கோணலாகவும் பெரிதும் சிறிதுமாகவும் தானே எழுதிப் பார்க்கும்போதுதான், ஓர் எழுத்துக்கு எது இன்றியமையாதது என்பதைக் குழந்தை கண்டுபிடிக்கிறது.

தமிழைப் பொறுத்தவரை இன்னொரு கவனமும் தேவை. 26 எழுத்துகள் கொண்ட மொழிக்காக வடிவமைத்த விளையாட்டில் படங்களை மட்டும் மாற்றித் தமிழ் எழுத்துகளைப் பொருத்தினால், 247 எழுத்துகளையும் 247 தனி உருவங்களாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும் என்ற எண்ணம் குழந்தைக்கு வந்துவிடும். க், ங், ச் என்ற வரிசையும் அ, ஆ, இ என்ற வரிசையும் சேர்ந்தே மற்றவை பிறக்கின்றன என்ற அழகான ஒழுங்கு மறைந்துபோகும். ‘கெ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: ஒலிக்கும்போது ‘க்’ முதலிலும் ‘எ’ பின்னும் வருகின்றன; எழுதும்போது எகரத்தின் குறி முன்னால் நிற்கிறது. இங்கே தடுமாறாத குழந்தை அரிது. மெய்யும் உயிர்க்குறியும் நகர்ந்து வந்து இணைவதைத் திரையில் அசைவாகவே காட்ட முடியும் என்பதால், நன்றாக வடிவமைத்த ஒரு விளையாட்டு இந்த இடத்தில் அச்சுப் புத்தகத்தைவிடச் சிறப்பாக உதவக்கூடும். அதே போல, ல, ள, ழ ஆகியவற்றை வேறுபடுத்தி ஒலிக்காத குரல் பதிவு இருந்தால், படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த விளையாட்டை ஒதுக்கிவிடுவதே மேல்.

எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட ஏற்பாடு

உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே பரிந்துரைக்கப்படவில்லை. இந்த ஒரு மணி நேரம் நாள் முழுமைக்கும் உரியது. வீட்டில் எவ்வளவு கழியும் என்பது வகுப்பில் இருப்பவருக்குத் தெரியாது. எனவே வகுப்பு அதில் ஒரு சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து அல்லது பதினைந்து நிமிடம், அதுவும் எல்லா நாளும் அல்லாமல், தேவையுள்ள நாளில் மட்டும் என்பது பொருத்தமாக இருக்கும். மேலே சொன்ன பலகை ஆய்வில் நான்கு சிறு அமர்வுகளே போதுமானவையாக இருந்தன என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஒரு குழந்தைக்கு ஒரு கருவி என்பதே சிறந்த ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். மழலையர் வகுப்பில் நான் அதை ஏற்கவில்லை. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு கைக்கணினி கொடுத்து, ஒருவர் விடையைச் சொல்ல மற்றவர் தொட வேண்டும் என்று விதி வைத்தால், தொடுவதற்கு முன் பேச்சு நடந்தே தீரும். ‘நாலு போதும்’, ‘இல்லை, அஞ்சு வேணும்’ என்ற அந்தச் சிறு வாக்குவாதத்தில்தான் கற்றல் இருக்கிறது. பெரிய திரை உள்ள வகுப்பில், எல்லாரும் தங்கள் விடையை விரல்களால் காட்டிய பிறகே ஒருவர் எழுந்து வந்து தொடலாம். அப்போது தவளை தாவும் முன் வகுப்பு முழுவதும் ஒரு விடைக்குப் பொறுப்பேற்றிருக்கும்.

நிறுத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்பது நான்கு வயதுக் குழந்தைக்குப் பொருள் தராது. ‘இன்னும் இரண்டு தவளைகள் வீட்டுக்குப் போனதும் மூடிவிடுவோம்’ என்பது தரும். முடிவே இல்லாமல் அடுத்தடுத்த நிலைகளைத் தானாகத் திறந்துகொண்டே போகும் விளையாட்டுகள் இந்தக் காரணத்தாலேயே வகுப்புக்குப் பொருந்தாதவை. கையில் இருந்ததைப் பிடுங்கியதால் வரும் அழுகை, அந்த நாளின் மீதிப் பாடத்தையும் கரைத்துவிடும்.

தேர்ந்தெடுக்கும்போது

விளம்பரம் உள்ள விளையாட்டை மழலையர் வகுப்பில் பயன்படுத்தவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான 135 செயலிகளை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2019ஆம் ஆண்டளவில் வெளியானது; அவற்றில் 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு வகை விளம்பரம் இருந்தது. இந்த வயதில் விளையாட்டு எங்கே முடிகிறது, விற்பனை எங்கே தொடங்குகிறது என்று குழந்தையால் பிரித்தறிய முடியாது. கதாபாத்திரமே அழுதுகொண்டு ‘இதை வாங்கு’ என்று கேட்டால், குழந்தை அதை நண்பனின் வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளும். விளம்பரமின்றி இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு: 2 முதல் 8 வயது வரையுள்ளவர்களுக்கான கான் அகாடமி கிட்ஸ், 5 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகள் படக் கட்டைகளை இணைத்துத் தாங்களே கதைகளும் விளையாட்டுகளும் உருவாக்க உதவும் ஸ்கிராட்ச் ஜூனியர் ஆகியவை அவற்றுள் அடங்கும். 2014ஆம் ஆண்டு வெளியான ஸ்கிராட்ச் ஜூனியரை நான் தனித்து மதிப்பதற்குக் காரணம், அதில் சரியான விடை என்று ஒன்று காத்திருப்பதில்லை. பூனை ஏன் சுவரைத் தாண்டவில்லை என்று குழந்தையே யோசித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

குழந்தையின் பெயர், படம், குரல், பிறந்த நாள் ஆகியவற்றைக் கேட்கும் விளையாட்டுக்கு அவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கியே ஆக வேண்டும் என்றால் வகுப்புக்கென ஒரு பொதுவான பெயரைப் பயன்படுத்தி, பெற்றோரிடம் முன்னரே சொல்லி ஒப்புதல் பெறுவது முறை. பல நாடுகளின் சட்டங்களும் குழந்தைகளின் தரவைத் திரட்டுவதற்குப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

சில நடைமுறைக் குறிப்புகள். உலாவிகளில் அசைவுப் படங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிவந்த அடோபி பிளாஷ் என்ற மென்பொருள் 2020ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டதால், அதை நம்பியிருந்த பழைய குழந்தை விளையாட்டுகள் ஏராளமானவை இன்றைய உலாவிகளில் திறப்பதில்லை. பழைய பட்டியல்களை நம்பிப் பாடம் திட்டமிடக் கூடாது. இணைப்பு அறுந்தாலும் ஆடக்கூடியதாக, முன்னரே தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள விளையாட்டு பாதுகாப்பானது. குழந்தை தவறுதலாக வேறு பக்கத்துக்குப் போகாமல் இருக்க, ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’ வசதியும் ஆண்டிராய்டு கருவிகளில் திரையை ஒரே செயலியில் நிலைநிறுத்தும் வசதியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்பாக, வகுப்புக்குக் கொண்டுவரும் விளையாட்டை ஆசிரியர் தாமே இறுதிவரை ஆடிப் பார்க்க வேண்டும். ஒருமுறை சரியாகவும், ஒருமுறை வேண்டுமென்றே தவறாகவும், ஒருமுறை யோசிக்காமல் கண்டபடி தட்டியும் ஆடிப் பார்த்தால், அந்த விளையாட்டு எதைக் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். மூன்றாவது முறையிலும் வென்றுவிட்டால், அதை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது.

திரையை மூடிய பிறகு

ஜூடி டெலோச் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு சோதனை குழந்தைகளின் மனத்தைப் பற்றி வியப்பான ஒன்றைக் காட்டியது. ஓர் அறையின் சிறிய மாதிரியைச் செய்து, அதிலுள்ள குட்டி இருக்கைக்குப் பின்னால் ஒரு குட்டிப் பொம்மையை ஒளித்துவைப்பதைக் குழந்தைக்குக் காட்டினார்கள். பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது என்றும் சொன்னார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேராகச் சென்று எடுத்துவிட்டனர்; இரண்டரை வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் தோற்றனர். மாதிரியில் எங்கே ஒளித்தார்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அந்த மாதிரி இன்னொன்றைக் குறிக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஒன்றைக் குறியீடாகக் கண்டு, அதில் அறிந்ததை வேறோர் இடத்துக்கு எடுத்துச் செல்வது தானாக நிகழ்வதில்லை; அது வளர்ந்து வர வேண்டிய திறன். திரையில் அறிந்ததைத் தரைக்குக் கொண்டுவருவதும் அவ்வகையைச் சேர்ந்ததே. திரையில் ஏழு கற்களைச் சரியாக எண்ணிய குழந்தை, மேசைமேல் கிடக்கும் ஏழு மூடிகளை எண்ணும்போது ஒன்றை விட்டுவிடுவதைக் கண்டு ஆசிரியர் திகைக்க வேண்டியதில்லை. திரையில் கற்கள் வரிசையாக இருந்தன. தொட்ட கல் ஒளிர்ந்தது. ஆகவே எதை எண்ணிவிட்டோம் என்பதை நினைவில் வைக்கும் வேலையைத் திரை ஏற்றுக்கொண்டிருந்தது. மேசைமேல் அந்த வேலை குழந்தையுடையது.

எனவே விளையாட்டு முடிந்த அன்றே, அதே கருத்தைக் கையாலும் உடலாலும் செய்ய ஒரு வாய்ப்புத் தர வேண்டும். தவளை விளையாட்டுக்கு அது மிக எளிது. தரையில் சுண்ணக்கட்டியால் பத்து வட்டங்களை வரிசையாக வரைந்து எண்ணிட வேண்டும். ஒரு குழந்தை குட்டியாக ஏழாம் வட்டத்தில் நிற்கட்டும். இன்னொரு குழந்தை தாய்த் தவளையாக மூன்றாம் வட்டத்தில் நிற்கட்டும். எத்தனை தாவல் என்று சொல்லிவிட்டுத்தான் தாவ வேண்டும். இங்கே கைதட்டல் ஒலிக்கும் செயலி இல்லை. எண்ணைச் சொல்லித் தரும் குரல் இல்லை. தாவுவதற்கு முன் அந்தக் குழந்தை தன் காலடியில் இருக்கும் வட்டத்தை ‘ஒன்று’ என்கிறதா, அடுத்த வட்டத்தை ‘ஒன்று’ என்கிறதா என்று பார்த்தால் போதும். நாளை அதே விளையாட்டைப் பக்கத்தில் அமர்ந்து மீண்டும் திறக்க வேண்டுமா, அல்லது அதை மூடிவைத்துவிட்டுப் பத்தாம் வட்டத்துக்கு அப்பாலும் வட்டங்களை வரையலாமா என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.